கழுவிய கைகளெல்லாம் மஞ்சள்

விழாவுக்குத் தலைமை ஏற்றுப் பெருமை சேர்த்திருக்கும் ஒன்றியக் குழு உறுப்பினர் உடையப்பன் ஐயா அவர்களே! முறையாகப் படித்து, முறையாகப் பதிவு பெற்ற எங்கள் சித்த மருத்துவர் நித்யா அவர்களே! முழங்கால் வலியையும் மறந்து முன்வரிசைக்கு வந்துவிட்ட பெரியோர்களே! முந்திரித் தோப்பு வேலையை அரைநாளோடு முடித்துவிட்டு வந்த என் தாய்மார்களே! பைக்கை விட்டு இறங்காமலே கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளே! மகளிர் குழுத் தலைவி பிரகதீஸ்வரியின் வணக்கம் உங்கள் ஒவ்வொருவருக்கும்!

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று சித்த மருத்துவப் பிரிவு திறந்துவிட்டது. யாராவது இரக்கப்பட்டுத் தந்தார்களா? கேட்டோம், கேட்டுக்கொண்டே இருந்தோம், கிடைத்தது! கேட்கும் துணிச்சல் எங்கே வந்தது? நம் சந்தைத் திடலில் வந்தது.

போன வருடம் அந்தத் திடலில் ஒரு காமாலை வைத்தியர் கூடாரம் போட்டார். எந்த ஊர்க்காரர்? தெரியாது. என்ன படித்தார்? கேட்கவில்லை. வந்தவர் உள்ளங்கையில் ஏதோ ஒரு சாற்றைத் தேய்ப்பார், சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். குண்டானில் விழுகிற தண்ணீர் மஞ்சள் மஞ்சளாய் ஓடும். “பாருங்க, காமாலை எறங்குது!” என்று மைக்கில் முழங்குவார். நாமும் வாய் பிளந்து நின்றோமா இல்லையா? சும்மா சொல்லுங்கள், இங்கே எல்லாரும் நம்ம ஆட்கள்தான்!

லாரி ஓட்டும் பாலாஜிக்கு அப்போது கண்ணெல்லாம் மஞ்சள். சோறு இறங்கவில்லை. அவர் மனைவி இளமதி, அப்போது வாரம் ஒருநாள் மட்டும் இங்கே வந்துபோன நம் நித்யா டாக்டரிடம் ஓடினாள். அவர் உடனே சொன்னார்: “கீழாநெல்லி நானே குடுப்பேன் இளமதி. ஆனா இவருக்கு அது பத்தாது. பெரியாஸ்பத்திரியில ரத்தம் பாத்தாகணும், இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.” தன் மருந்தின் எல்லை தெரிந்த மருத்துவர்! கைதட்டுங்கள், தட்டலாம்!

பாலாஜி கேட்டாரா? “தண்ணி மஞ்சளாப் போறத நான் கண்ணால பாத்தேன்டி. இன்னும் ரெண்டு தடவ கழுவுனா சரியாயிரும்” என்று படுத்துக்கொண்டார். தாலி கட்டியவன் கண்ணெதிரே கரைகிறான். அழுதாளா இளமதி? அழுதாள். அழுத கண்ணோடு அவரையும் இழுத்துக்கொண்டு கூடாரத்துக்கே போனாள்.

“ஐயா, எனக்கும் கழுவி விடுங்க” என்று தன் கையை நீட்டினாள். கழுவினார். மஞ்சள்! பால் பண்ணை முத்துராஜ் கையை நீட்டினார். மஞ்சள்! பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டையாவைப் பிடித்தோம். “ஏட்டையா, நீங்களும் நீட்டுங்க!” அவருக்கும் மஞ்சள்! தலைவர் ஐயா இப்போது சிரிக்கிறார். அன்று ஐயா கையும் மஞ்சள்தான்! ஊருக்கே காமாலையா? உட்கார்ந்திருக்கும் ஐயாவுக்கும், ஓடியாடும் பிள்ளைக்கும் ஒரே நோயா?

மாம்பட்டைச் சாறும் சுண்ணாம்புத் தண்ணீரும் சேர்ந்தால் அந்த நிறம் வரும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். அதற்குள் இளமதி வைத்தியரைக் கேட்டுவிட்டாள்: “ஒங்க பதிவு நம்பர் என்னங்க?” வைத்தியர் கூடாரத்தை அவிழ்க்கத் தொடங்கினார். ஏட்டையா அவர் கையைப் பிடித்தார். வழக்கு இன்று நீதிமன்றத்தில் இருக்கிறது.

பாலாஜி அன்றைக்கே புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் காரேறினார். “இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா எங்க கையில இல்லை” என்றார்கள் அங்கே.

சட்டம் நம் மூலிகையைப் பறிக்க வந்ததா? பச்சிலையைப் பழித்ததா? தாய்மார்களே, பதிவில்லாதவன் உங்கள் நாடியைத் தொடக்கூடாது என்கிறது! உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்பதை ஒளித்து மருந்து விற்காதே என்கிறது! நம் வைத்தியத்தை நம்பித்தான் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தோம். சித்த மருத்துவர் தினமும் வேண்டும், படித்தவர் வேண்டும், பதிவு பெற்றவர் வேண்டும் என்று நின்றோம். வென்றோம்! தோப்பில் கூலிக்குப் போகும் பெண்கள் வென்றோம்!

பாலாஜி எங்கே? பந்தக்காலுக்குப் பின்னால் ஒளிகிறாரே! எழுந்து நில்லுங்க தம்பி.

“அக்கா, விடுங்கக்கா, கூச்சமா இருக்கு.”

கூச்சப்படட்டும்! கூச்சப்பட ஆள் உயிரோடு இருக்கிறார், அது போதும் எங்களுக்கு! இளமதி, இப்போதும் அழுகிறாயே. அழு தாயே, இன்று அழலாம்.

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், நாள் தவறாமல் வரப்போகும் டாக்டருக்கும், கூலியை விட்டு வந்த உங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. நாளைக் காலை உள்ளே போகும்போது, சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றைச் சத்தமாகப் படித்துவிட்டே உட்காருங்கள். வணக்கம்!