பதில் பொறி

இரவு ஏழரை மணி இருக்கும். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளுக்குப் பின்னால் போகும் மண் சாலை. விளக்கு கிடையாது. ஒரு பக்கம் கரும்பு. மறுபக்கம், கம்பெனிகள் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன உடைந்த பீங்கான் மேடு. கை போன பொம்மை, தலை போன பொம்மை... நிலா வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரியும். அந்தச் சாலையில் ஓர் ஆள் தனியாக வந்துகொண்டிருந்தார். தோளில் துப்பாக்கி.

பயப்படாதீர்கள். அது சுடாது.

அவர் என் நண்பன் பாரியின் பெரியப்பா. பெயர் கோதண்டபாணி. சூளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி கண்ணம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. சென்னை மியூசியத்தில் ஒருமுறை சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி ஒன்றைப் பார்த்திருக்கிறார். ராஜாக்கள் காலத்துச் சாமான். விசையை இழுத்தால் மேலே கவ்வியிருக்கும் கல் இரும்பில் மோதும்; பொறி பறக்கும். காவலாளி வந்து வெளியே போகச் சொல்லும் வரை அதன் முன்னாலேயே நின்றிருக்கிறார்.

ஊருக்கு வந்ததும் அதே மாதிரி ஒன்றைத் தன் கையாலேயே செய்ய ஆரம்பித்தார். கட்டைக்கு வாகை மரம். இரும்பு வேலைக்குப் பெண்ணாடத்தில் இருந்த பாரியின் லேத் பட்டறை. குழலைத் துளைக்கவில்லை, அதனால் வெடிக்காது. பொறி மட்டும் பறக்கும். சடக்... அவ்வளவுதான். அவருக்கு அதுவே போதும்.

சாயங்காலமானால் தையல் மிஷின் எண்ணெய் விட்டுத் துடைப்பார். கட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "எப்புடி இருக்குது, பாத்தியா?" என்பார். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அன்று ஒரு திருகாணி தளர்ந்ததென்று பட்டறைக்குப் போய்த் திரும்பியவர், வழியில் மதகின் மேல் உட்கார்ந்தார். சும்மா ஒருமுறை விசையை இழுத்துப் பார்த்தார். சடக். பொறி. கல் கருகிய வாடை.

மேட்டின் அந்தக் கோடியில்... சடக். ஒரு பொறி.

எதிரொலி என்றால் சத்தம் வரலாம். நெருப்பு எப்படி வரும்?

மறுபடி இழுத்தார். கொஞ்சம் பொறுத்து, அங்கிருந்தும் பதில்.

நீங்களும் நானும் ஓடியிருப்போம். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் பாரிக்கு போன்.

"டேய் பாரி, என்னாட்டமே ஒருத்தரு செஞ்சி வச்சிருக்காருடா, நம்ம ஊர்ல!"

"யாரு பெரிப்பா?"

"தெரியல. கூப்புட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. நான் இழுத்தா அவரும் இழுக்கறாரு."

அதன் பிறகு தினமும் போனார். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு... விருந்துக்குப் போகிற மாதிரி. தினமும் அந்தப் பொறி கொஞ்சம் கிட்டே வந்தது.

மனசு கேட்காமல் பாரி ஒருநாள் கூடப் போனான். பார்த்தான். பத்தடி தூரத்தில் பொறி பறந்தது. சட்டென்று செல்போன் டார்ச்சை அடித்தான். பீங்கான் சில்லுகள். வேறு யாருமில்லை. டார்ச்சை அணைத்தான். அதே இடத்தில்... சடக்.

"பெரிப்பா, வேணாம். எழுந்திரிங்க. நம்ம வூட்டுக்குப் போயிடலாம்."

"நீ போடா. உனக்குப் பொண்டாட்டி இருக்குது, புள்ளைங்க இருக்குது. எனக்குப் பதில் சொல்ல யாரு இருக்கா?"

பாரி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மறுநாள் ராத்திரி போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. பாரி பைக்கில் ஓடினான். மதகில் ஆளைக் காணோம். மேட்டு உச்சியில் உட்கார்ந்திருந்தார். வெறுங்கால். பாதமெல்லாம் சில்லு கிழித்து ரத்தம். மடியில் துப்பாக்கி.

"பெரிப்பா... யாரு வந்தாங்க?"

பக்கத்துச் சில்லுகளைக் காட்டினார். "பக்கத்துல வந்து உக்காந்தாரு... பேரு கேட்டாரு. எம்மாம் நாளாச்சி, என்னய ஒருத்தரு பேரு கேட்டு... குடுத்துட்டேன்."

சொல்லிட்டேன் என்று சொல்லவில்லை. குடுத்துட்டேன்.

அவர் பேசிய கடைசிப் பேச்சு அது. பாரி தன் வீட்டுக்கே அழைத்துப் போய் வைத்துக்கொண்டான். டாக்டர், காது நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் எத்தனை முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். துப்பாக்கியை மடியில் வைத்தாலும் தொட மாட்டார்.

போன மாதம் ஒருநாள், கரண்ட் போன நேரம். மழை வரும் போல மண் வாசனை. கூடத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டே பழக்கதோஷத்தில் பாரி குரல் கொடுத்தான்.

"பெரிப்பா, சாப்புட வாங்க."

நாற்காலியில் இருந்தவர் அசையவில்லை.

வெளியே, இருட்டுக்குள்ளிருந்து, பெரியப்பாவின் அதே குரல்...

"தோ வந்துட்டேன்டா பாரி."

பிறகு, வாசலில் யாரோ செருப்பைக் கழற்றிவிடும் சத்தம்.