முழுக்க என் கற்பனை

பிரிக்ஃபீல்ட்ஸில் முப்பது வருஷம் குடியிருந்தவனுக்கு ரயில் சத்தம் காதில் விழாது. நீங்கள்தான் ஒவ்வொரு ரயிலுக்கும் பேச்சை நிறுத்துகிறீர்கள். பரவாயில்லை, டேப் ஓடட்டும். நிதானமாகவே சொல்கிறேன்.

கதையில் ஒரு பெண்ணைப் பலவந்தப்படுத்தும் காட்சி வரலாமா என்று உங்கள் கருத்தரங்குக்காகக் கேட்கிறீர்கள். இப்போது கம்ப்யூட்டர் விளையாட்டிலும் அது வருகிறதாமே. என் பதில், வரலாம், வர வேண்டும். எழுதாதே என்று சொல்கிறவர்கள் யாரும் நடப்பதை நிறுத்தப் போவதில்லை. இதை நான் யாருக்கும் பயந்து மாற்றிச் சொன்னதில்லை.

சந்திரகலாவைப் பற்றிக் கேட்கத்தான் வந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் சொல்கிறேன்.

1984-இல் ஒரு வார இதழில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலைப் பெண் ஒருத்தியின் கதை. பதின்மூன்று அத்தியாயம் ஓடியும் சூடு பிடிக்கவில்லை. ஆசிரியர் இராமலிங்கம் நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்திரகலா இதழின் அலுவலக மாடியேறி வந்தாள். வயது இருபத்துநான்கு. வீடு கிள்ளானில், வேலை ஷா ஆலமில். என் கதைகளைப் படித்திருந்ததால் நான் புரிந்துகொள்வேன் என்று நம்பினாள்.

ஓவர்டைம் முடிந்ததும் சாமான் அறையில் அவளுடைய சூப்பர்வைசர் ரெங்கசாமி அவளைக் கெடுத்திருந்தான். பத்து நாள் ஆகியிருந்தது. அழாமல் சொன்னாள். அவன் முதலில் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஒரு பெட்டியின் மேல் பத்திரமாக வைத்தான்.

"எல்லாம் முடிஞ்சு, கண்ணாடிய மாட்டிக்கிட்டு, நாளைக்கு லேட்டா வந்துடாதன்னு சொன்னாரு சார்," என்றாள்.

இருபது வருஷம் எழுதியவன் நான். அந்த ஒரு வரியை எந்த எழுத்தாளனாலும் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது.

"இத கதையா எழுதிடாதீங்க சார். போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட் கொடுக்கணும். எனக்கு மலாய்ல சரியாச் சொல்ல வராது. நீங்க எழுதிக் கொடுத்தா எடுத்துட்டுப் போவேன்."

எழுத மாட்டேன் என்றேன். புகாரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். அன்று மாலையே பதினான்காம் அத்தியாயத்தை எழுதி முடித்தேன். ரேடியோ, கண்ணாடி, அந்த வரி, எல்லாம் இருந்தது. பெயரை மாற்றியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு வந்தாள். அவசரப்பட்டுப் போனால் போலீசில் அசிங்கப்படுத்துவார்கள், கொஞ்சம் பொறு என்றேன். அது பொய்யில்லை, அசிங்கப்படுத்தத்தான் செய்வார்கள். ஆனால் செய்தி முதலில் பத்திரிகையில் வந்துவிட்டால் என் கதை செய்தியைப் பார்த்து எழுதியது போலாகிவிடும் என்பதையும் நினைத்தேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

இதழ் வெளியானதும் இராமலிங்கம் ஓடி வந்தார். "பொம்பளைங்க கடுதாசி போட்டுத் திட்டுறாங்க லா அண்ணே. ஆனா கடையில ஒரு காப்பிகூட மிச்சமில்ல."

அன்றே சந்திரகலா போன் செய்தாள். "எழுத மாட்டேன்னு சொன்னீங்களே சார்."

"உன் பேரு எங்கயாச்சும் இருக்கா?" என்றேன்.

போனை வைத்துவிட்டாள். மே மாதம் அவளாகவே போலீசுக்குப் போய், தெரிந்த மலாயில் ரிப்போர்ட் கொடுத்தாள். துணிச்சல்காரிதான்.

வழக்கு அடுத்த வருஷம் விசாரணைக்கு வந்தது. ரெங்கசாமியின் வக்கீல் என் இதழை மேசையில் வைத்தார். கதை வந்தது ஏப்ரலில், புகார் வந்தது மே மாதத்தில். அதே ரேடியோ, அதே கண்ணாடி, அதே வரி. கதையைப் படித்துவிட்டு ஒரு நல்ல மனிதர்மேல் பழி போடுகிறாள் என்றார். தான் முதலில் இந்த எழுத்தாளரிடம் சொன்னதாகவும், அவர் எடுத்து எழுதிவிட்டதாகவும் அவள் சொன்னாள். அதனால் அரசுத் தரப்பு என்னைச் சாட்சிக்கு அழைத்தது.

சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டேன். அந்தக் காட்சி உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார்கள்.

அப்போது தொடர் புத்தகமாகியிருந்தது. ஒரு சங்கத்தில் பரிசும் அறிவித்திருந்தார்கள். பதினான்காம் அத்தியாயத்தைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். ஒரு தொழிற்சாலைப் பெண் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன் என்று அந்தக் கூண்டில் நின்று சொல்லியிருந்தால், அதற்கு முன் எழுதிய இருபது வருஷத்தையும் அப்படித்தான் பேசியிருப்பார்கள்.

"முழுக்க என் கற்பனை" என்றேன். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

ரெங்கசாமியை விடுதலை செய்துவிட்டார்கள். பழைய வேலைக்கே திரும்பிப் போனான் என்று கேள்விப்பட்டேன். அவளுடைய வேலை போய்விட்டது.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. கெடுத்தவன் அவன். நான் எழுதினேன். இந்தக் கொடுமையை எழுதவே கூடாது என்று ஊரே சொன்னபோது எழுதினேன். நூற்றுக்கணக்கான பெண்கள் அதைப் படித்து அழுதார்கள். ஒருத்திக்குக் கிடைக்காத நியாயம் பெரிதா, அத்தனை பேருக்கும் கிடைத்த விழிப்பு பெரிதா, உங்கள் கருத்தரங்கில் கேட்டுப் பாருங்கள்.

தீர்ப்பன்று நீதிமன்ற வராந்தாவில் அவள் என் எதிரே வந்து நின்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. வழி தெரியாதவள் போல் முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"சார், அந்தக் கண்ணாடி, அந்தப் பேச்சு... நான்தானே சார் உங்ககிட்ட சொன்னேன்? எல்லாரும் கேட்டுக் கேட்டு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நடந்துச்சா, படிச்சேனான்னு தெரியல. நீங்க ஒருத்தர்தான் சார் சொல்ல முடியும்."

பக்கத்தில் யாரும் இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்க வேறு காதில்லை.

"நீ ரொம்ப ஆழமாப் படிச்சிருக்கம்மா," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

எழுதிக்கொள்ளுங்கள். நடந்தது தனக்குத்தானா என்று ஒரு பெண்ணே சந்தேகப்படும் அளவுக்கு எழுத இந்த நாட்டில் வேறு எவனுக்கு வந்தது?