எல்லாருக்கும் ஒரே வகை

எனக்குக் கைராசி உண்டு என்பார்கள். நானும் மறுத்ததில்லை, மறுத்தால் வருகிறவர்கள் மனம் நோகுமே. சோர்வு என்று யார் வந்தாலும் தெம்பு ஊசி போட்டு அனுப்புவேன், ஐயா. ஆளுக்கொரு புது ஊசி. உறையை அவர்கள் கண்ணெதிரே கிழித்து, சுகாதாரம் பற்றி நாலு வார்த்தையும் சொல்வேன். மாற்றியது முனையை மட்டும்தான். மருந்து ஏறும் குழல் நாள் முழுக்க ஒன்றே. அதையே எல்லாருக்குமான மருந்துக் குப்பியில் மறுபடி மறுபடி விட்டு உறிஞ்சினேன். ரத்தம் குழல்வரை ஏறாது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஏனோ யாரும் பரிசு தரவில்லை.

பிறகு ஒவ்வொருவராக ஹெபடைடிஸ் சி என்று வந்தார்கள். ரத்தத்தில் பரவி, ஓசைப்படாமல் கல்லீரலை அரிக்கும் கிருமி. எப்படி வந்திருக்கும் என்று என்னிடமே கேட்டார்கள். அதில் நான் சூரன். பச்சை குத்தினீர்களா, எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா, சவரக்கத்தி யாருடையது, போதை ஊசிப் பழக்கம் உண்டா என்று குடைவேன். குடைந்தால் எல்லாரிடமும் ஏதாவது அகப்படும். டாக்சிக்காரர் புஜத்தில் ஒரு சிங்கம் இருந்தது. பார்க்கப் பூனை மாதிரிதான். எனக்கு அது போதும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு ஒரு பழைய அறுவை சிகிச்சை.

தையல்காரப் பெண்மணியிடம் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்தில் அவர் கணவர், மின்சாமான் கடைக்காரர். என்னிடம் ஊசி போட்டுக்கொள்ளாத மனிதர், கிருமியும் இல்லை. "எப்பவாவது உறவு மூலமாவும் வரலாம்" என்றேன். 'எப்பவாவது' என்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

இந்தக் கிருமியில் பல வகை. போதை ஊசியைப் பகிர்பவர்களிடம் சில வகை அதிகம். பழைய நாளில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடம் வேறு சில. நான் ஆளுக்கொரு காரணம் வழங்கியிருந்தேன். வகையும் ஆளுக்கொன்றாக இருந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். ஆய்வகம் வைத்திருக்கும் மச்சான் கூப்பிட்டான்.

"மாப்ள, நீ அனுப்பின அத்தனை பேருக்கும் ஒரே வகை. அதுவும் இந்தப் பக்கம் பார்க்காத வகை. என்னய்யா பண்றே அங்கே?"

தற்செயல் என்றேன். படித்தவன் வாயில் அந்தச் சொல் நன்றாக எடுபடும். குப்பியில் மிச்சமிருந்ததையும் நான் வீணாக்கவில்லை.

டாக்சிக்காரர் அந்த மின்சாமான் கடைக்கு விளக்கு வாங்கப் போன இடத்தில் தன் வகையை உளறியிருக்கிறார். அந்தப் பெண்மணி தைத்த துணிகள் அவர் வண்டியில்தான் போகும். மறுநாள் கடைக்காரர் வந்து உட்கார்ந்தார்.

"அவனுக்கும் இவளுக்கும் ஒரே வகையாம் டாக்டர். அப்போ ஒரே இடத்துலேர்ந்துதானே வந்திருக்கணும்?"

அவர் சொன்னது முழு உண்மை. அந்த இடத்தில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

"விஞ்ஞானம் அப்படித்தான் சொல்லுது" என்றேன்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு அந்தப் பெண்மணி தனியாக வந்தார். அழவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு நம்புவாரு. பெரியவன் என் முகத்தையே பார்க்க மாட்டேங்கிறான், டாக்டர்."

சொல்லவேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். சொன்னால் வாசலில் பட்டங்களோடு தொங்கும் பலகை இறங்கிவிடும். தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.

இப்போது மட்டும் ஏன் நானாக வந்தேன் என்கிறீர்கள். கழற்றிய முனைக்கு மூடி போடும்போது அடிக்கடி என் விரலில் குத்திக்கொள்வேன். போன மாதம் பரிசோதித்தால், எனக்கும் அதே வகை. மச்சான் தன் அக்காவிடம் சொல்லிவிட்டான், உடன்பிறந்த பாசம். என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "யாரு, அந்தத் தையல்காரியா?" என்றாள்.

கல்யாணமான நாள் முதல் இன்னொருத்தியை ஏறிட்டுப் பார்த்ததில்லை, ஐயா. செய்யாத தப்புக்குச் சொந்த வீட்டில் தலைகுனிந்து சாப்பிடுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே ஒப்புக்கொள்கிறேன்: அத்தனை பேருக்கும் ஏற்றியது நான்தான். தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை.

இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று என் மனைவிக்குப் போக வேண்டும். அந்தப் பெண்மணிக்கும் அனுப்பலாமா என்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. என் மனைவியுடையது மட்டும் இன்று சாயங்காலத்துக்குள் போய்விடட்டும்.