தூசியே இல்லாத நாற்காலி

மொதல்ல எனக்குத் துரோகம் பண்ணது என் மருமகதான் சார். டாக்டரெல்லாம் அப்புறம். கொஞ்சம் தள்ளி உக்காருங்க... பேசினா இழுக்குது. பயப்படாதீங்க, ஒட்டாது. ஆஸ்துமா என்ன அம்மையா?

காலம்பூரா சோபா ரிப்பேர் பண்ணவன் நான். ஊர்ல எவனெவனோ சாஞ்சு உக்காரப் பஞ்சு அடைச்சேன். எனக்குன்னு செஞ்சுக்கிட்டது ஒரே ஒரு நாற்காலி. போன தடவை நான் இந்த ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, அதைத் தூக்கிப் பழைய சாமான் கடைக்குப் போட்டுட்டா! "மாமா, அது பூரா தூசி, அதான் உங்களுக்கு இழுக்குது"ங்கறா. நான் அடைச்ச பஞ்சுல தூசியா? என் தொழில் மேலயே கை வைக்கறா பாருங்க.

டாக்டரும் அவ கட்சிதான். வாயில வச்சு மருந்து இழுக்கற பம்பு ரெண்டு கொடுத்தாரு. நீலம் ஒண்ணு, மூச்சு முட்டும்போது அடிக்க. அது தங்கம் சார்! அடிச்ச ஒடனே நெஞ்சு தெறக்கும். இன்னொண்ணு காவி. நல்லா இருந்தாலும் காலையில, ராத்திரியில அடிக்கணுமாம், அடிச்சிட்டு வாய் கொப்பளிக்கணுமாம். ரெண்டு நாள் அடிச்சேன். ஒண்ணும் தெரியல. மழை இல்லாதப்போ கொடை புடிச்சா ஊர் சிரிக்காதா? கஷ்டகாலத்துக்கு ஆகும்னு அலமாரியில வச்சுட்டேன். அவ தெனம் கேப்பா, "அடிச்சீங்களா மாமா?" "ஆச்சு ஆச்சு"ம்பேன். வேற என்ன சொல்றது? நீங்களே சொல்லுங்க... சரி, சொல்லாதீங்க.

நாற்காலியத் தேடிப் புடிச்சு மீட்டுக் கொண்டாந்தேன் சார். வாசல்ல மறிச்சுக்கிட்டு நிக்கறா! "இது இருக்கற ரூமுக்குள்ள பாப்பாவ விடமாட்டேன்." பாப்பான்னா என் பேத்தி. என் மடியில உக்காந்துதான் சோறே எறங்கும் அதுக்கு. கொஞ்ச நாளா அதுக்கும் லேசா இழுப்பு இருக்கு... அதுக்கும் என் நாற்காலிதான் காரணமாம்!

வந்துச்சு பாருங்க ரோசம். "தூசி இல்லன்னு நிரூபிச்சுக் காட்டறேன்டி"ன்னு நாற்காலியோட ரூமுக்குள்ள போனேன். வெளித் தூசி வந்து என் மேல பழி விழக்கூடாதில்ல? கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்தினேன். பிரம்பெடுத்து வச்சேன் ஒரு அடி!

கண்ணாடி வழியா விழுந்த வெயில்ல பாக்கணுமே சார்... மாவு மில்லு தோத்துச்சு.

அது கெடக்கட்டும். மூச்சு முட்டிப்போய் நீலப் பம்பைத் தேடறேன், காலி. தெனம் அதையே அடிச்சு அடிச்சுத் தீத்திருக்கேன். கதவத் தெறக்கக்கூடத் தெம்பில்ல. அவதான் தள்ளித் தெறந்து, நிமித்தி உக்கார வச்சு, கைப்பையிலேர்ந்து புதுசு ஒண்ணு எடுத்து அடிச்சா. எனக்குத் தெரியாம வாங்கி ஒளிச்சு வச்சிருந்திருக்கா! எவ்வளவு சூழ்ச்சி பாத்தீங்களா?

அப்புறம் இங்க கூட்டியாந்தா. உள்ள மூஞ்சியில மூடி மாட்டி மருந்துப் புகை வச்சாங்க. டாக்டர் கேக்கறாரு, "காவி பம்பு அடிக்கறீங்களா பெரியவரே?" நான் வாயத் தெறக்கறதுக்குள்ள இவ, நான் வீட்டு அலமாரியில வச்சிருந்தத கைப்பையிலேர்ந்து எடுத்து மேசையில வைக்கறா. வீட்டு விஷயத்த வெளிய சொல்ற பொம்பள!

சார்? எங்க எந்திரிச்சிட்டீங்க? உங்க நம்பர் இன்னும் கூப்புடல... அந்தக் கோடி பெஞ்சுல காத்தே வராது சார்!

போங்க, போங்க. நல்லதுக்குக் காலமில்ல.

அதோ, மருந்துக்கடையிலேர்ந்து வர்றா, கையில புதுக் காவி பம்போட. "பாப்பா உங்கள எதிர்பாத்துட்டு இருக்கா, வாயத் தெறங்க மாமா"ம்பா. தெறக்கமாட்டேன். நாற்காலிக்கு மொதல்ல மன்னிப்பு கேக்கட்டும்... அப்புறம் நான் மூச்சு விடறேன்.