ஜீப்புக்குப் போட்ட லிப்ட்

ஆவணி பத்து, புதன்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, பால் வாங்கி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, வேலைக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு வயதான அம்மாளை மகளும் மகனும் கைத்தாங்கலாக ஏற்றி எதிரே உட்கார வைத்து, தாங்களும் ஏறிக்கொண்டார்கள்.

“ஜீப்புக்கு லிப்ட் போட்டும் அம்மா ஷேர் ஆட்டோலதான் போவணுமா?” என்று மகள் கேட்டாள்.

“அது வேற லிப்ட்டுக்கா. ஸ்பிரிங் மாத்தி, கட்டை குடுத்து வண்டியை ஒசத்துறது. ஏரிக்கரைல போனா அடி தட்டாது.”

“முட்டி வலிக்கு அம்மாவைத் தூக்கி உக்கார வைக்கிற லிப்ட்டுன்னு நினைச்சிக்கினு தெரு பூரா சொன்னேன்டா. தறியில பாவு நூல் புணைக்க வந்தவங்ககிட்டகூட, என் தம்பி மாதிரி உண்டான்னு பேசினேன்.”

“நீயா நினைச்சிக்கினா நான் இன்னா பண்றது?”

“ஏரிக்கு நீ வருஷத்துல ஒரு தடவை போற. ஆஸ்பத்திரிக்கு அம்மா வாராவாரம் போவுது. அம்மா இன்னா உற்சவரா, நாலு பேர் தோள்ல தூக்கி ஏத்த?”

“ஒரு படி வச்சித் தரேன்கா.”

அதுவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பினார். “படி ஏற முடியாமதானேபா ஆஸ்பத்திரிக்கே போறேன்.”

மகன் உடனே மெக்கானிக்குக்கு போன் போட்டான். “அண்ணா, சாயங்காலம் வண்டியைக் கொண்டாறேன். போட்டதைக் கழட்டிடுங்க.”

“கழட்டினதையும் தெருவுல நானே போய் சொல்லணுமா?” என்றாள் அக்கா.

மறுநாள் காலை முதல் வேலையாக எங்கள் வாசற்படியின் உயரத்தை அளந்தேன். என் அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்.