பொருந்தாத சில பைட்டுகள்

தயிர் உறைய வைக்கப் பழைய தயிர் கொஞ்சம் வேண்டும், ராஜன். குழுவில் எல்லாருக்கும் புரியட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது நம் கம்பைலர். புதுப் பதிப்பைக் கட்ட அதன் முந்தைய பதிப்பே கையில் இருக்க வேண்டும். கட்டற்ற மென்பொருள்தான், மூலநிரலை யாரும் பார்க்கலாம். ஆனாலும் முதல் உறை என் வீட்டிலிருந்துதான் போனது.

சிந்துவுக்கு அது பிடிக்கவில்லை; அந்த உறையில் என்ன கலந்திருக்கிறது என்று மூலநிரலைப் பார்த்தால் தெரியாதே என்பாள். திருச்சியிலிருந்து இங்கே வேலை பெர்மிட்டில் வந்தவள், சாலாக் செலாத்தானில் வாடகை அறை. சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வருவாள். அண்ணே என்று கூப்பிடுவாள். திருத்த எனக்கு வாய் வரவில்லை. யாருடைய பழைய பதிப்பும் இல்லாமல், அடியிலிருந்து கம்பைலரைக் கட்டிக் காட்டுகிறேன் என்றாள். அவள் கட்டியதும் நான் வெளியிட்டதும் பைட் பைட்டாக, ஓர் எழுத்துக்கூட மாறாமல் பொருந்த வேண்டும். பொருந்தினால் பெர்லினில் வேலை என்று வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவள் எழுதியதில் நான் கை வைக்கவே இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் நான் வெளியிட்ட பதிப்புக்கு ஒரு பழக்கம் கொடுத்தேன். தன்னைத் தானே கட்டும்போதெல்லாம் எதற்கும் உதவாத சில பைட்டுகளைச் சேர்த்துக்கொள்ளும். மூலநிரலில் அதன் சுவடே இருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாதபடி, சர்வரில் இடமில்லை என்று சொல்லிப் பழைய பதிப்புகளை எடுத்துவிட்டேன்.

பொருந்தவில்லை. வேலை முடிந்து தினமும் வர ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தேடினேன், டீ போட்டுக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

"எங்கயோ என் தப்புதான் அண்ணே. கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது."

"மெதுவா பாரு லா. என்ன அவசரம்."

இளைத்துப்போனாள். கடைசியில், தன் வேலை தவறு, மன்னியுங்கள் என்று குழுவுக்கு எழுதினாள். பெர்லின் கைவிட்டுப் போனது, பெர்மிட்டும் முடிந்தது. ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் அண்ணே கடைசி வரைக்கும் என்னைய நம்புனீங்க" என்று அழுதாள். இப்போது திருச்சியில் மாமாவின் ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறாள். கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை.

கிள்ளானில் உங்கள் பழைய லேப்டாப்பில் பழைய பதிப்பு ஒன்று கிடக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதை வைத்துக் கட்டியது சிந்து கட்டியதோடு அப்படியே பொருந்துகிறது என்கிறீர்கள். பொருந்தும். முதல் தடவையே அவள் சரியாகத்தான் கட்டியிருந்தாள். அது எனக்கு அன்றே தெரியும்.

குழுவுக்குச் சொல்லுங்கள், என் பெயரை எடுத்துவிடுங்கள். சிந்துவுக்கு மட்டும் சொல்ல வேண்டாம். இன்னமும் எனக்குப் போன் செய்து அழுகிறாள், ராஜன். ஆறுதல் சொல்ல அவளுக்கு என்னை விட்டால் வேறு ஆளில்லை.