முந்தானையில் முடிந்த இலை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் மன்னிக்கவும். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை வரும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓர் இலையைப் பக்கத்து அம்மாளிடம் காட்டினாள்.

"எங்க வீட்டுக் கஞ்சாச் செடி, அக்கா. எலையெல்லாம் மஞ்சளாகி முறுக்கிக்கிச்சு."

"மெதுவாப் பேசுடி, பின்னால போலீசு இருக்கப்போவுது. ஒனக்கு எதுக்கு இது?"

"அவரு வச்சது. பூக்கிறதுக்குள்ள வந்துருவேன்னு கொழும்புக்குப் போனாரு."

அந்த அம்மாள் இலையைத் திருப்பிப் பார்த்தார். "பூச்சி இல்ல. ஒரு நாளைக்கு எத்தன தடவ தண்ணி ஊத்துறே?"

"அவரு நெனப்பு வரும்போதெல்லாம்."

"அப்ப வேரு அழுகாம என்ன செய்யும்? நாலு நாளைக்கு அங்கிட்டே போகாத. மண்ணு காயட்டும்."

"நாலு நாளாக்கா?" என்று கேட்டுவிட்டு இலையை மறுபடி முடிந்துகொண்டாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை பெய்தது.